நாயோட குருவி பாக்கப் போறதெண்டா

நாய் வச்சிருக்கிறவைக்கு குருவி பாக்கிறது சரிவராது எண்டு ஒரு கூட்டம். "என்ட நாய் ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லி சங்கிலியக் கழட்டி விடுற கூட்டம் இன்னொண்டு. ரெண்டு கூட்டத்தோடயும் எனக்கு கோவம் இருக்கு, அதான் இவ்வளவு நீளமா எழுதுறன், நேரம் இல்லாதாக்கள் ஸ்க்ரோல் பண்ணிப் போங்கோ.

முதல் கூட்டத்துக்கு முதல்ல. எங்கட ஜிம்மி ரோட்டு நாய், கொழும்பில வெள்ளவத்தைல ஒரு லேனுக்குள்ள குட்டியா நிண்டவன அம்மா தூக்கிக்கொண்டு வந்தவ, இப்ப அவன் சாப்பிடாம அவவுக்கு சாப்பாடு இறங்காது. மழையோ வெயிலோ காலமை வெள்ளன அவன் வெளிய போகோணும். தனிய எண்டா நான் காதில இயர்ஃபோனக் கொழுவிக்கொண்டு விறுவிறெண்டு நடந்து ஸ்டெப்ஸ் எண்ணிட்டு வந்திருப்பன். இவன் ஒவ்வொரு லைட் போஸ்டிலயும் நிப்பான், மணந்த புல்லையே திரும்பத் திரும்ப மணப்பான், நானும் சும்மா நிண்டு என்ன செய்யிறது, அண்ணாந்து பாத்தன், மேல குக்குறுவான் இருந்துது. அப்பிடித்தான் பிடிச்சது இந்த விசர்.

குருட்டுக்கொக்கு எண்டு ஒண்டு இருக்கு தெரியுமோ, கனால் கரையெல்லாம் நிக்கும். சேத்து நிறம், நெஞ்சில கோடு கோடா, கழுத்த உள்ளுக்கு இழுத்துக்கொண்டு குந்தியிருந்தா மண்கட்டி மாதிரித்தான், ஆள் கடந்து போனாலும் தெரியாது. ஜிம்மிக்கு முதலே விளங்கிடும். ரெண்டு காதும் முன்னுக்கு வரும், ஒரு முன்னங்கால் அந்தரத்தில நிக்கும், வால் ஆடாது. அவன்ட மூக்கு காட்டுற பக்கம் பைனாகுலரப் பிடிச்சா, மஞ்சக் கண் ஒண்டு என்னையே பாத்துக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு அடி வச்சா சரி, அந்த மண் நிறத்துக்குள்ள இருந்து வெள்ளை வெளேரெண்டு ரெண்டு செட்டை விரியும், இவ்வளவு வெள்ளையையும் எங்க மடிச்சு ஒளிச்சு வச்சிருந்தது எண்டு யோசிக்க முன்னமே அங்கால கரைக்குப் போயிடும்.

இனி ரெண்டாவது கூட்டம்.

சிட்னிக்குக் கிட்ட காட்டுப் பாதைகள்ல செய்த ஆராய்ச்சி ஒண்டு 2007ல வந்தது. நாயோட நடந்த பாதை, ஆக்கள் மட்டும் நடந்த பாதை, ஒருத்தரும் நடக்காத பாதை எண்டு மூண்டையும் வச்சுப் பாத்தவை. ஒருத்தரும் நடக்காத பாதையோட ஒப்பிட்டா, நாய் போன பாதையில குருவி இனங்கள் 35 வீதம் குறைவு, மொத்த எண்ணிக்கை 41 வீதம் குறைவு. அந்த நாயெல்லாம் சங்கிலியில போன நாய், அவிட்டு விட்டதில்ல! நாயில்லாம ஆக்கள் மட்டும் நடந்தா பாதிப்பு அதில அரைவாசி கூட இல்ல. வழமையா நாய் போய்வாற இடத்திலயும் இதே கதைதானாம், குருவி பழகிற மாதிரித் தெரியேல்ல. கூடப் பாதிக்கப்படுறது நிலத்தோட சீவிக்கிற குருவிகள். இத வாசிச்சாப்பிறகும் "ஒண்டும் செய்யாது" எண்டு எப்பிடிச் சொல்லுறது? உங்கட நாய் நல்ல நாயா இருக்கலாம், அது குருவிக்கு எப்பிடித் தெரியும்?

எங்கட ஆக்காட்டியையே எடுங்கோ. வெறுந்தரையில நாலு முட்டை இடும், கூடும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நாய் அதக் கடிக்கவே தேவையில்ல, சும்மா அந்தப் பக்கம் ஓடினாலே போதும், தாயும் தேப்பனும் எழும்பி தலைக்கு மேல கத்திக் கத்திச் சுத்துங்கள், அதுவரைக்கும் முட்டை வெயில்ல கிடக்கும், காகம் பாத்துக்கொண்டிருக்கும். கொழும்புக் காகத்தப் பற்றி நான் சொல்லத் தேவையில்ல.

அதால என்ட வழி இதுதான்: ஏற்கனவே ஆக்களும் வாகனமும் போற ரோட்டில மட்டும் ஜிம்மி வருவான். எங்கட கனால் பாதை, லீவு நாளெண்டா தலங்கம குளத்து ரோடு. (ஹைக் எண்டு சொன்னா என்ட பிரெண்ட்ஸ் சிரிப்பாங்கள், கொழும்பில எங்க மலை எண்டு. த்ரீவீல்காரர் நாயக் கண்டுட்டு நிப்பாட்டாமப் போக, நாங்கள் நடக்கிற தூரத்தப் பாத்தா சிரிக்க மாட்டாங்கள்.) பெத்தகான, தியசரு மாதிரி ஈரநிலப் பார்க்குகளுக்கு தனியத்தான் போவன். 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில ஒப்பந்தக்காரர் உலகத்தில முதல்முதல் ஈரநில நகரம் எண்டு அங்கீகரிச்ச 18 நகரத்தில கொழும்பும் ஒண்டு. இவ்வளவு கட்டிடத்துக்கு நடுவில மிஞ்சிக் கிடக்கிற சதுப்பு அது, அதுக்குள்ளயும் நாய விட்டு ஓட்டோணுமோ?

தலங்கமவில வேற ஒரு பகிடி. நீளவால் இலைக்கோழி ஒண்டு இலையில இருந்து இலைக்குக் கால மெல்லமாத் தூக்கி வச்சு நடக்கிறத பாத்துக்கொண்டு நிண்டன். அதில அடைகாக்கிறதும் குஞ்சு வளக்கிறதும் ஆம்பிளைதான், பொம்பிளை முட்டைய இட்டுட்டு அடுத்த மாப்பிள்ளை பாக்கப் போயிடுவா, இத எங்கட மாமிமாருக்குச் சொல்லிப் பாருங்கோ. அப்பத்தான் கமராவோட வந்த அங்கிள் ஒராள், "பிள்ளை, நாயையும் இழுத்துக்கொண்டு வந்து என்னத்தப் பாக்கப் போறீர், எல்லாம் பறந்திடுமே" எண்டார். ஜிம்மி என்ட காலடியில படுத்துக் கிடக்கிறான். அங்கிள் ஃபோன்ல மீன்கொத்திச் சத்தத்தப் போட்டு போட்டு மீன்கொத்திய கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறார். அது வேற மீன்கொத்தி தன்ட இடத்துக்கு வந்திட்டுதெண்டு பதறி, இரையையும் விட்டுட்டு ஓடித் திரியும் அங்கிள், படம் வடிவாத்தான் வரும். நான் வாய் திறக்கேல்ல, பெரியாக்கள்.

நாயோட போறதெண்டா சங்கிலிய இடுப்பு பெல்ட்டில கொழுவுங்கோ, ரெண்டு கையும் பைனாகுலருக்கு ஃப்ரீ. ஆனா கபரகொய்யாவ, அதான் அந்தப் பெரிய தண்ணி உடும்ப, கண்டு இழுத்தான் எண்டா நீங்களும் சேந்து கனாலுக்குள்ளதான், கால ஊண்டி நில்லுங்கோ. தியவன்னா ஓயாப் பக்கம் தண்ணிக் கரைக்கு நாய விடவே வேண்டாம், முதலை இருக்கு.

மற்றது ஒக்டோபர் வருது. ஆறுமணிக்குருவி இந்தியாவில இருந்து, இமயமலை அடிவாரத்தில இருந்து கூட, பறந்து வந்து இறங்கிற நேரம். ஒரு 50, 60 கிராம் பாரம்தான் இருக்கும், வந்து சேரேக்குள்ள களைச்சுப்போய் வீட்டுக் கண்ணாடியில அடிபட்டு விழுறதும் உண்டு. அது மரத்தில இருக்கிற சாதியில்ல, கீழ சருகப் புரட்டித்தான் தின்னும், அதால நாயிட்டயும் பூனையிட்டயும் முதல் மாட்டுப்படுறது அதுதான். விழுந்து கிடந்தா காத்துப் போற ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள்ள வச்சு மூடி, சத்தமில்லாத இடத்தில கொஞ்ச நேரம் விடுங்கோ, வாயில தண்ணி பருக்க வேண்டாம், தெளிஞ்ச உடன பத்தைப் பக்கமாத் திறந்து விட்டா சரி. அந்த நாக்கள்ல ஜிம்மிய பின் வளவுக்குள்ள தனிய விடுறதில்ல. "ஒரு குருவிக்காக என்ட பிள்ளையக் கட்டி வைக்கிறியோ" எண்டு அம்மா பேசுவா, பேசட்டும்.

பூனை வச்சிருக்கிறாக்கள் சிரிக்காதேங்கோ, உங்களுக்கும் சேத்துத்தான்.