முன் இருக்கையில் ஏறிய மூட்டை

இரண்டு நாள் கார்ப் பயணம் முடிந்து நேற்று நள்ளிரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். முதுகு வலிக்கிறது, கண் எரிகிறது, பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் மரத்துக் கிடக்கிறது. அதையெல்லாம் ஒரு வெந்நீர்க் குளியலில் மறந்துவிடலாம். ஆனால் இந்த இரண்டு நாளும் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தும் சாய்ந்தும் புரண்டும் படுத்தும் வந்து, செய்ய வேண்டிய ஒரே வேலையை மட்டும் செய்யாமல் இறங்கிப் போன என் ஆருயிர் நண்பனைப் பற்றி எழுதித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவனுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்த ஒரு வாரத்துக்குத் தேவையான தூக்கத்தையும் சேர்த்து அவன் என் காரிலேயே தூங்கி முடித்துவிட்டான்.

காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை என்பது ஒரு பதவி என்று உறுதியாக நம்புகிறவன் நான். ராலி பந்தயங்களில் அந்த இருக்கையில் அமர்பவர் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, அதற்கு எத்தனை மீட்டர் இருக்கிறது என்று இடைவிடாமல் வாசித்துக்கொண்டே வருவார். செபாஸ்தியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலக ராலி சாம்பியன் ஆனபோது, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த டேனியல் எலேனாவுக்கும் இணை ஓட்டுநர் என்ற முறையில் ஒன்பது பட்டங்கள் கிடைத்தன. என் நண்பனிடம் நான் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. திருப்பம் வருவதற்கு முன்னால் திருப்பம் வருகிறது என்று சொன்னால் போதும் என்றுதான் கேட்டுக்கொண்டேன்.

அவன் வழி சொல்லும் அழகைக் கேளுங்கள். இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குப் பேச்சு மூச்சே இருக்காது. பிறகு திடீரென்று இருக்கையிலிருந்து எழும்பி, "இதோ, இதோ, இங்கதான், திரும்புடா திரும்பு" என்று அலறுவான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும் என்பதால், அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் திருப்பம் எங்களுக்குப் பின்னால் போய்ப் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருக்கும். அப்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டா திரும்பல?" என்று கேட்பான் பாருங்கள், அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எதுவும் வாயால் சொல்லக்கூடியதாக இருப்பதில்லை.

சில சமயம் சரியான நேரத்தில் சொல்லிவிடுவான். ஆனால் வாயால் சொல்லமாட்டான், விரலால் காட்டுவான். நான் சாலையைப் பார்க்க வேண்டுமா, அவனுடைய ஆள்காட்டி விரலைப் பார்க்க வேண்டுமா என்ற எளிய சந்தேகம் இரண்டு நாளிலும் அவனுக்கு ஒருமுறைகூட எழவில்லை. வாயால் சொல்லு என்று கெஞ்சிய பிறகு "இடது" என்று சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கினான். இந்தக் குழப்பமே வேண்டாம், இடதையும் வலதையும் விட்டுவிடுவோம், இனிமேல் "உன் பக்கம், என் பக்கம்" என்று மட்டும் சொல்லு என்று ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தேன். ஒரு நாற்சந்தியில், பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, "என் பக்கம்" என்றவன், நான் அவன் பக்கம் திருப்பத் தொடங்கியதும், "இல்லடா, நீ சொல்ற என் பக்கம்" என்றான். அந்த வாக்கியத்தின் பொருளை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரைபடச் செயலிதான் பேசுகிறதே, நண்பன் எதற்கு என்று கேட்பவர்கள் மேம்பாலத்தின் தொடக்கத்தில் நின்று தவித்ததில்லை என்று பொருள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டுதான் கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வெளியில்கூட அந்தக் கணக்கு சில மீட்டர்கள் தப்பும். பாலத்தின் மேலே செல்லும் சாலையும் அதன் அடியில் செல்லும் சாலையும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நெடுஞ்சாலையும் அதை ஒட்டி ஓடும் சர்வீஸ் சாலையும் பத்துப் பதினைந்தடி இடைவெளியில் இணையாகப் போகின்றன. நாம் எதில் இருக்கிறோம் என்று அந்த இயந்திரத்துக்கே தெரியாத அந்த ஐந்து நொடிக்காகத்தான் கண்ணும் மூளையும் உள்ள ஒரு மனிதனைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். அந்த ஐந்து நொடியில் என் மனிதன் ஏதோ ஒரு பூனைக் காணொளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாலத்தில் ஏறக் கூடாதென்று தெரியாமல் ஏறினேன். இறங்கித் திரும்பி அதே இடத்துக்கு வருவதற்குப் பதினோரு கிலோமீட்டர் ஆயிற்று. "அதனால என்ன, பாலத்துல இருந்து வியூ நல்லா இருந்துச்சு" என்று ஆறுதல் வேறு சொன்னான்.

பூனைக் காணொளி ஓடியது என் கைப்பேசியில் என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அவனுடைய கைப்பேசியில் புறப்படும்போதே சார்ஜ் நான்கு விழுக்காடுதான் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே முடிவான பயணத்துக்கு நான்கு விழுக்காட்டுடன் வந்து நிற்பவனை என்னவென்று சொல்வது? என் கைப்பேசியில் வழி காட்டும் குரல் எழும் ஒவ்வொரு முறையும் பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தக் குரலின் வாயை அடைத்துவிட்டான். அதையும் நாற்பது கிலோமீட்டர் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இவ்வளவு நேரமாக நேராகவே போகிறோமே, நல்ல சாலைதான் என்று அதுவரை மகிழ்ச்சியோடு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எரிபொருள் விவகாரம் தனிக் கதை. ரிசர்வ் விளக்கு எரிந்ததும் நான் பங்க்கைத் தேடத் தொடங்கினேன். அவன் எட்டிப் பார்த்து, இன்னும் அறுபது கிலோமீட்டர் போகும் என்று திரையில் இருக்கிறதே, எதற்குப் பதறுகிறாய் என்றான். அந்த அறுபது என்பது சற்று முன்வரை வண்டி எவ்வளவு எரிபொருள் குடித்ததோ அதை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. சமவெளியில் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு மலையேறினால் எண் கண் முன்னாலேயே கரையும். கரைந்தது. எட்டு கிலோமீட்டர் ஏறுவதற்குள் அறுபது என்பது இருபத்தொன்று ஆகியது. ஏசியை நிறுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முட்டையை மிதிப்பதுபோல் மிதித்து, இல்லாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு ஒரு பங்க்குக்குள் நுழைந்தால், "மூடி என் பக்கம்தான் இருக்கு, அந்தப் பக்கமாப் போய் நிறுத்து" என்று அடித்துச் சொன்னான். மூடி அவன் பக்கம் இல்லை. எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் உள்ள பங்க் படத்தை ஒட்டி ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் மொய்லன் என்ற பொறியாளர், மழையில் தவறான பக்கம் நிறுத்தி நனைந்த கடுப்பில் 1986இல் எழுதிக் கொடுத்த யோசனை அது. மூடி எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதற்காகவே அந்த அம்பு இருக்கிறது. அதை நானாவது பார்த்திருக்கலாம். நண்பன் சொல்கிறானே என்று நம்பினேன், என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

இனி பஞ்சர். இரவு எட்டு மணி, மழை விட்டுத் தூறல், பின் சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக் கொடுத்து, ஐம்பது மீட்டராவது பின்னால் போய் வைத்துவிட்டு வா என்றேன். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், முக்கோணம் பின் பம்பரிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்றது. தூறலில் அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று நினைத்தானாம். வேறு வண்டி வந்து மோதினால் முக்கோணமும் நாங்களும் ஒரே நேரத்தில் செய்தி அறிந்துகொள்வோம். அதை நானே எடுத்துப் போய்ச் சரியான இடத்தில் வைத்துவிட்டு வருவதற்குள், உதவி செய்கிறேன் என்று ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கி வைத்திருந்தான். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டுப் பிறகுதான் தூக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்டால் நட்டு கழலாது, சக்கரம் சுற்றும், அல்லது வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். மறுபடி இறக்கி, தளர்த்தி, மறுபடி தூக்கினேன்.

அடுத்து டார்ச். கைப்பேசி விளக்கை நட்டின் மேல் காட்டச் சொன்னால், அவன் எங்கே பார்க்கிறானோ அங்கே வெளிச்சம் போகும். சாலையில் ஒரு லாரி போனால் வெளிச்சம் லாரியோடு போகும். என்னிடம் பேச வேண்டுமென்றால் என் முகத்தில் விழும். கண் கூசி நான் தடவித் தடவிக் கழற்றிய ஐந்து நட்டுகளையும், தொலைந்துவிடக் கூடாதென்று அவனே வாங்கி வைத்துக்கொண்டான். ஸ்டெப்னியை மாட்டிவிட்டுக் கை நீட்டினால் நான்குதான் வந்தன. ஐந்தாவதைத் தேடி இருவரும் சேற்றில் முட்டி போட்டு, புல்லை விலக்கி, காருக்கு அடியில் தலையை நுழைத்து முக்கால் மணி நேரம் துழாவினோம். கடைசியில் அவன் முகத்தைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவியபோது, அதோடு நட்டும் வந்து என் புறங்கையில் விழுந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன், ஒவ்வோர் இறுக்கிலும் மனக்கண்ணில் அவன் கழுத்து இருந்தது.

சட்டைப் பை என்பது நட்டு வைக்கும் இடமா என்று கேட்டேன். பேன்ட் பையில் நொறுக்குத் தீனி இருந்ததாம்.

மழை கண்ணாடியில் ஏற்படுத்திய பனிமூட்டத்துக்கும் அவனிடம் ஒரு வைத்தியம் இருந்தது. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, ஏசியின் காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பினால் மூட்டம் தானாக விலகும் என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள், எட்டி வந்து உள்ளங்கையால் தேய்த்துவிட்டான். அதே உள்ளங்கைதான் சற்று முன்வரை நொறுக்குத் தீனிப் பொட்டலத்துக்குள் இருந்தது. அந்த எண்ணெய்ப் பூச்சில் எதிர் வண்டிகளின் ஹெட்லைட் ஒவ்வொன்றும் நூறு வால் நட்சத்திரங்களாகச் சிதறியது. மீதிப் பயணம் முழுக்க அவனுடைய ஐந்து விரல்களின் வழியாகத்தான் நான் சாலையைப் பார்த்தேன்.

டேஷ்போர்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டதைப் பற்றி மட்டும் கேலியில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதில் கோபத்தை மிஞ்சிய பயம். முன்னால் உள்ள காற்றுப்பை மோதலின்போது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வெடித்து விரியும். அதன் மேல் கால் இருந்தால் முழங்கால் முகத்துக்கு வரும், இடுப்பெலும்பு முறியும். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் இறக்கிவிட்டு, ஐந்து நிமிடத்தில் தூக்கத்திலேயே தூக்கி வைத்துக்கொண்டான். நான்காவது முறை வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். கால் இறங்கும்வரை நகரவில்லை.

மலை இறங்கும்போது அவனுக்குக் குமட்டியது. வளைவுகள் முழுவதும் குனிந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டாமல் என்ன செய்யும்? உடல் திரும்புகிறது என்று உட்செவி சொல்ல, எதுவும் அசையவில்லை என்று கண் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் மூளை திணறுவதால் வருகிற தொல்லை அது. நிமிர்ந்து தொலைவில் சாலையைப் பார்த்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும். அவன் கண்டுபிடித்த காரணம் வேறு. "நீ ஓட்டுற விதம் சரியில்லடா" என்றான். சொன்னவன் யார்? உரிமம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும், ஒரு மணி நேரம் மாற்றி ஓட்டுகிறாயா என்று கேட்டால், "நெடுஞ்சாலைன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று நழுவுகிறவன். ஆனால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தால், இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்தி "ஸ்ஸ்ஸ்" என்று பல்லைக் கடிப்பதில் மட்டும் குறையில்லை.

அந்தத் தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்மதிய வேளையிலும், நள்ளிரவுக்குப் பின் விடியும்வரையிலும் மனித உடலே தூக்கத்தின் பக்கம் சாயும். சரியாக அந்த நேரத்தில்தான் ஓட்டுபவனோடு யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் அவன் வாய் திறந்து, தலை கதவுக் கண்ணாடியில் இடித்து, சீரான தாளத்தில் குறட்டை கிளம்பும். அந்தத் தாளம் எனக்கும் கண்ணைச் சுழற்றியதால் இரண்டு முறை வண்டியை நிறுத்தி முகம் கழுவினேன். அதிசயம் என்னவென்றால், மேடு பள்ளத்தில் விழித்துக்கொள்ளாதவன், ஹாரனுக்கு அசையாதவன், வண்டி நின்ற நொடியில் கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்பான்.

நேற்று இரவு அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். சோம்பல் முறித்துக்கொண்டே, "ரொம்ப டயர்டா இருக்குடா" என்றான். நான் பதில் பேசவில்லை. இன்று காலை காரைச் சுத்தம் செய்தபோது, இருக்கைக்கு அடியில் அவனுடைய சார்ஜர் கிடந்தது. நான்கு விழுக்காட்டோடு வந்தவன் சார்ஜரையும் கூடவே கொண்டுவந்திருக்கிறான், இரண்டு நாளும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு என் கைப்பேசியில் பூனை பார்த்திருக்கிறான். ஆத்திரம் தாங்காமல் அழைத்துச் சொன்னேன். கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்துவிட முடியுமா என்று கேட்டுவிட்டு, அக்கறையோடு சேர்த்துக்கொண்டான்: "வழி தெரியும்ல? இல்லன்னா லைன்லயே இரு, நான் சொல்றேன்."