எஸ்.எஸ். பைப்பில் துரு வந்தால் பைப்பைத் திட்டாதீர்கள், போட்டவனைக் கேளுங்கள்

"நல்ல எஸ்.எஸ்., அதாவது ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், என்று சொல்லித்தான் போட்டார்கள், அதற்குள் எப்படித் துருப்பிடிக்கும்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கேட்பவர் மேல் இல்லை, அவர் காசு கொடுத்து ஏமாந்தவர். வேலையன்று அந்த பைப்பை என்ன பாடு படுத்தினார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை, கடைசியில் சரக்கு சரியில்லை என்று கை கழுவிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த உலோகம் எதனால் துருவைத் தாங்குகிறது என்றாவது தெரிந்துகொண்டு அதில் கை வைக்கக் கூடாதா? இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கிறது. அந்தக் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படிகிறது, சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தால் தானாகவே மறுபடி உருவாகிக்கொள்ளும், ஆனால் அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆக்சிஜனும் பட வேண்டும். பைப் போடுகிறவன் அந்தப் படலத்தைக் காப்பாற்றிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்ட அதே சாமானோடு, அதே அவசரத்தோடு வந்து இறங்குகிறார்கள்.

காலையில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) ஆங்கிள் அறுத்த கட்டிங் வீல், மதியம் அப்படியே எஸ்.எஸ். பைப்பில் ஏறுகிறது. வீலில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளெல்லாம் சூட்டோடு பைப்பில் பதிகிறது, ஈரம் பட்டதும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு நிறம் கிளம்புகிறது. முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்தான், ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் படலம் உருவாக வழியில்லாமல் போவதால், கவனிக்காமல் விட்டால் அடியில் பைப்பே குழி விழ ஆரம்பித்துவிடும். இரும்பு வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் இதே கதிதான். பக்கத்தில் ஒருவர் எம்.எஸ். கிரைண்டிங் செய்துகொண்டிருக்க, பொறியெல்லாம் புது எஸ்.எஸ். லைன் மேல் கொட்டும், ஒரு தார்ப்பாய் போட்டு மூட யாருக்கும் தோன்றாது. எஸ்.எஸ்.ஸுக்கென்று தனி வீல், எஸ்.எஸ். பிரஷ், பைப்பை அடுக்க மரக்கட்டை, இவ்வளவுதான் கேட்கிறேன். "அதெல்லாம் பெரிய பிளான்ட் வேலைக்குத்தான் சார்" என்று பதில் வருகிறது. சின்ன லைன் என்றால் இரும்புத் துகள் துருப்பிடிக்காமல் இருக்குமா?

சரக்கு வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு "ஒட்டவில்லை, ஒரிஜினல்" என்று தலையாட்டுவது இன்னொரு கொடுமை. எஸ்.எஸ்.ஸில் 304 என்ற ரகத்திலும் ஒட்டாது, 316லும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் 201லும் ஒட்டாது. உப்புக் காற்று அடிக்கும் இடத்திலும் குளோரைடு அதிகமுள்ள தண்ணீரிலும் 316ஐப் போடுவது அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால்தான், அது காந்தத்துக்கு எப்படித் தெரியும்? பைப்பில் அச்சிட்டிருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) டெஸ்ட் சர்டிபிகேட்டில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். அதற்குச் சோம்பல்.

வெல்டிங்குக்கு வருகிறேன், வயிறு எரிவதே இங்கேதான். வெளியே பார்த்தால் தையல் போட்டது போல அழகாக இருக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். உள்ளே யார் பார்த்தார்கள்? டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் மின்பொறி வைத்து உருக்கி ஒட்டுவது) செய்யும்போது பைப்புக்குள் ஆர்கான் வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாவிட்டால் உள்பக்கம் கருகி, குருணை குருணையாக, சொரசொரவென்று நிற்கும். அந்த இடுக்குகளில் அழுக்கு தங்கும், கிருமி தங்கும், அரிப்பும் அங்கேதான் தொடங்கும். பால் போகிற லைனிலும் மருந்து போகிற லைனிலும் இதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஆர்கான் செலவு அதிகம் என்கிறார்கள். அந்த லைனை அறுத்தெடுத்துத் திரும்பப் போடும் செலவை யார் கணக்கில் எழுதுவது?

வெல்டுக்கு இரண்டு பக்கமும் நீலமும் பழுப்புமாகத் தெரிகிறதே, அதை அழகு என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது, அதோடு சேர்த்து எடுத்தால்தான் பழைய பாதுகாப்பு திரும்பும். பிக்ளிங் பேஸ்ட் (அந்த நிறத்தையும் அடுக்கையும் கரைத்தெடுக்கும் அமிலப் பசை) பூசி, நேரம் பார்த்து, நன்றாகக் கழுவ வேண்டும். அதற்குப் பதிலாக சில்வர் ஸ்ப்ரே அடித்து மறைக்கிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். பேஸ்ட் பூசுகிற இடத்திலோ, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த அந்தப் பொருளை கையுறைகூடக் கொடுக்காமல் ஹெல்ப்பர் பையனிடம் நீட்டுகிறார்கள். தோலுக்குள் இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடிய அமிலம் அது! அந்த சூப்பர்வைசரை வேலையை விட்டே தூக்க வேண்டும்.

வெல்டு போடும் பைப் என்றால் எல் கிரேடு (கார்பன் குறைந்த ரகம்) வாங்குங்கள் என்று சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. சாதா 304ல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம், 304எல்லில் 0.03தான். வெல்டிங் சூட்டில், ஏறக்குறைய 425 முதல் 870 டிகிரி செல்சியஸுக்குள் அதிக நேரம் நின்றால், அந்தக் கார்பன் பக்கத்திலிருக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், வெல்டை ஒட்டியே அரிப்பு வரும். 304க்கு 308எல் ராடு (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), 316க்கு 316எல் ராடு. கைக்குக் கிடைத்த ராடை வைத்து ஒட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை இது.

அப்புறம் சுடுதண்ணீர் லைன். 10 மீட்டர் நீளத்துக்கு 50 டிகிரி சூடு ஏறினால் எம்.எஸ். சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், 304 எட்டரை மில்லிமீட்டர் வரை நீளும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டு, வளைவில் ஜாயின்ட் கசிகிறது என்று வந்து நிற்கிறார்கள். நீள இடம் விட்டீர்களா? மரை போட்ட ஜாயின்ட்டை டேப்போ பேஸ்டோ இல்லாமல் பலம் கொண்ட மட்டும் முறுக்கி, மரையோடு மரை பற்றிக்கொண்டு கழற்றவே முடியாமல் ஆக்கி வைப்பதும் இதே ஆட்கள்தான்.

இத்தனையும் தப்பிப் பிழைத்த லைனைக்கூடக் கடைசி நாளில் கொன்றுவிடுகிறார்கள். டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையை எடுக்க ஆசிட் ஊற்றுவார்கள், ஹைட்ரோகுளோரிக் அமிலம், அந்தப் புகையும் தெறிப்பும் பைப் முழுக்கப் படும். எஸ்.எஸ்.ஸுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது, சிலர் பைப்பையே அதை வைத்துத் துடைக்கிறார்கள். பிரஷர் டெஸ்ட்டுக்குக் கிடைத்த உப்புத் தண்ணீரை நிரப்பி, பாஸ் என்று கையெழுத்து வாங்கி, தண்ணீரை வடிக்காமல் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். டெஸ்ட் தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், டெஸ்ட் முடிந்த அன்றே வடித்து, காற்று விட்டு உலர்த்திவிட்டுப் பிறகு பில் கொண்டு வாருங்கள்.