வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா?

அப்பா இறந்தபின், கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்துக்குப் பட்டா மாறுதல் கேட்டு அலைந்தபோது, அலுவலக வாசலில் குல்லாவுடன் நின்றிருந்த புரோக்கர் முதலில் கேட்டது சர்வே எண்ணை அல்ல. "வீட்டுல யாராச்சும் வெளிநாட்டுல இருக்காங்களா சார்?"

தம்பி சிங்கப்பூரில் இருப்பதைச் சொல்லித் தொலைத்தேன். அவர் தொகையை வாயால் சொல்லாமல் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். குளிரில் பேனா ஓடாததால் இரண்டு முறை அழுத்தி எழுதினார். பன்னிரண்டாயிரம். முந்தைய வாரம் பக்கத்துத் தோட்டக்காரர் இதே வேலைக்குக் கொடுத்தது ஐயாயிரம்.

"இதுக்குன்னு லீவு போட்டா வர முடியும், அண்ணா? குடுத்து முடிச்சிருங்க" என்று தம்பி அன்று மாலையே பணம் அனுப்பினான். லாரி ஓட்டுநர்களிடம் ஒரு சிங்கப்பூர் டாலர் லஞ்சம் வாங்கியதற்காகக்கூட 2018-இல் போர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் மீது வழக்குப் போட்ட ஊரிலிருந்து வந்த பணம் அது. நம்மூரில் இருந்தவரை, சாலை ஒப்பந்தக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போட்டவனும் அவன்தான்.

கெட்டுப்போன அமைப்பிலிருந்து விலகுவது எளிதானால் அதற்குள் எழும் குரல் மெலியும் என்று பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இலேயே எழுதினார். எங்கள் மலையில் குரல் மெலிந்ததோடு நிற்கவில்லை, லஞ்சத்தின் விலையும் ஏறிவிட்டது. பச்சைத் தேயிலையை மட்டும் நம்பியிருப்பவர், யாரோ ஒருவர் வீட்டு வெளிநாட்டுப் பணத்தால் ஏறிய அந்த விலையைத் தானும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் போனவர்கள் எல்லா நாட்டிலும் இப்படி ஒதுங்கிவிடுவதில்லை. 2014-இல் வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 100 கோடி டாலர் களவுபோன மால்டோவாவில், ஊழல் எதிர்ப்பை முன்வைத்து அரசியலுக்கு வந்த மாயா சாண்டு, 2024 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் உள்நாட்டு வாக்குகளில் சற்றுப் பின்தங்கியும், வெளிநாட்டில் வாழ்வோரின் வாக்குகளால் வென்றார். அவர்களுக்காக அயல்நாடுகளிலேயே வாக்குச்சாவடி திறந்திருந்தார்கள்.

நம் சட்டமோ, 2010-இல் வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு வாக்குரிமை தந்தாலும், சொந்தத் தொகுதிச் சாவடிக்கு நேரில் வரச் சொல்கிறது. 2023-இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஏறத்தாழ 12,500 கோடி டாலர் வந்ததாக உலக வங்கி கணித்தது. பணம் கைப்பேசியில் வந்துவிடுகிறது, வாக்குக்கு மட்டும் விமான டிக்கெட் வேண்டும்.

தம்பியைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் குற்றவாளி ஆகமாட்டார். எட்டாம் நாள் பட்டா வந்தது. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.