தாடை ஒபரேஷனுக்குப் பிறகு மாத்திரை எத்தனை நாள்?

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. அன்டிபயோட்டிக் முடிந்ததும் காலி அட்டையைக் கொண்டுபோய் பாமசியில் நீட்டி, "இதையே இன்னும் ஒரு கிழமைக்குத் தாங்க" என்று வாங்கி வருவது. சளி காய்ச்சலுக்கே இது தப்பு. வாய்ப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைத்து, அதில் எலும்பு செத்து, தாடையை வெட்டி மாற்றிய ஆளுக்கு இது பெரிய கெடுதல்.

எங்கள் பெரியம்மா கொழுந்து மலையில் வெற்றிலையும் புகையிலையுமாகவே காலத்தைக் கழித்தவர். கரண்ட் வைத்த பிறகு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், அந்தக் குழி ஆறவே இல்லை. விரல் வைத்தால் எலும்பு தட்டுப்படும். கிருமிதான் காரணம் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தோம். வெற்றிலை வைத்திருந்த சுருக்குப் பை முழுக்கப் பாதி தீர்ந்த அட்டைகள்.

இந்த நோயின் வேர் கிருமி இல்லை என்று ரொபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் 1983இலேயே எழுதிவிட்டார். கதிர் பட்ட எலும்பில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஒட்சிசன் குறைந்து, உயிரணுக்கள் அழிகின்றன. கிருமி அதற்குப் பிறகு வந்து குடியேறுவது. மருந்து போவதும் இரத்தத்தோடுதானே? இரத்தம் போகாத எலும்புக்கு எத்தனை அட்டை விழுங்கினாலும் போய்ச் சேராது. அதனால்தான் முற்றிய நிலையில் செத்த எலும்பை வெட்டிவிட்டு, காலிலிருந்து சிம்பு எலும்பை (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிய எலும்பு) அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்துக் குழாயில் தைத்துப் பொருத்துகிறார்கள்.

அப்புறம் எத்தனை நாள் மருந்து? தலை, கழுத்துப் புற்றுக்குச் செய்யும் இப்படிப்பட்ட பெரிய ஒபரேஷன்களில், கத்தி வைக்குமுன் தொடங்கி 24 மணி நேரத்தில் நிறுத்தலாம் என்பதே பொதுவான வழிகாட்டல். கதிரால் செத்த எலும்பு என்றால் டொக்டர்மார் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. சீழ் ஏற்கெனவே இருந்திருக்கும், மிச்ச எலும்பும் கதிர் பட்டதுதான். சிலர் சில நாளில் நிறுத்துவார்கள், சிலர் கிழமைக்கணக்கில் கொடுப்பார்கள். ஒபரேஷனில் எடுத்த எலும்புத் துண்டில் எந்தக் கிருமி வளர்ந்தது என்ற கல்ச்சர் ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. வாயில் பஞ்சால் தொட்டு எடுத்தால் எல்லார் வாயிலும் இருக்கிற கிருமிதான் வரும்.

இன்னொன்று. "பென்சிலின் ஒத்துக்காது" என்று சும்மா சொல்லிவிடாதீர்கள். உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, வெறும் வயிற்றுப்போக்கா என்று விளக்கமாகச் சொல்லுங்கள். பென்சிலினுக்குப் பதிலாக கிளின்டமைசின் மட்டும் கொடுத்தவர்களுக்கு இந்த ஒபரேஷன்களில் புண் பழுப்பது கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

என் கோபம் வேறு இடத்தில். பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பியபோது கார்டில் இருந்தது ஆங்கிலம், வாயால் சொன்னது சிங்களம். எந்தத் திகதி வரை என்று எங்குமே இல்லை. லயத்துக்கு வந்த பிறகு யாரிடம் கேட்பது? ஆகவே வார்டை விட்டு இறங்குமுன் கேளுங்கள்: என்ன கிருமி, என்ன மருந்து, எந்தத் திகதியோடு நிறுத்துவது. கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. டொக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சல், நாற்றம், கழுத்துப் பக்கம் எச்சில் கசிவு, காலிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் கறுத்துப்போவது, இதில் எது வந்தாலும் பாமசிக்குப் போகாதீர்கள். எவ்வளவு தூரமானாலும் அன்றைக்கே ஒபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள்.