அங்கோர் வாட்டைக் கட்டியது கெமர் மக்கள். அதில் என்ன குறை?

நேற்று என் பக்கத்தில் நடந்த பஞ்சாயத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். கம்போடியாவில், கெமர் இனத்தவரின் மண்ணில் நிற்கும் அங்கோர் வாட் கோயிலை ஒரு தமிழ் மன்னன் கட்டினான் என்று சொல்லும் அந்த ரீலை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பின்னணியில் உறுமி மேளம், முன்னால் தாமரைக் குளம், மேலே மஞ்சள் எழுத்தில் "தமிழ் மன்னன் சூரியவர்மன்". நான் அதன் கீழே எழுதியது ஒரே வரி: "அவர் கெமர் மன்னர்." அதற்கு விடிய விடிய என்னென்ன வந்தது என்பதைத்தான் பார்த்தீர்களே.

சரி, ஒரு வரியில் முடித்தது திமிர் என்றால் விரித்தே சொல்கிறேன்.

அங்கோர் வாட்டைக் கட்டியது கெமர் மக்கள். 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், இரண்டாம் சூரியவர்மன் ஆட்சியில், விஷ்ணுவுக்காகக் கட்டினார்கள். கல் வந்தது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குலென் மலை அடிவாரத்திலிருந்து. கட்டும் அறிவு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அதே மண்ணிலிருந்துதான். 881இல் பாகோங் கோயில். அப்புறம் பாகெங், பிரே ரூப், தா கியோ, பாபுவோன். அடுக்கடுக்காக மலைபோல் உயரும் கோயிலை 200 ஆண்டுகளுக்கு மேல் கட்டிக் கட்டிக் கை பழகியவர்கள்தான் அங்கோர் வாட்டைக் கட்டினார்கள். வழியில் இத்தனை கோயில்கள் நிற்க, அவற்றையெல்லாம் தாண்டிக் குதித்துத் தஞ்சாவூருக்கு ஓடி வருவானேன்?

"வர்மன் என்று பெயர் இருக்கிறதே, பல்லவன் அல்லவா?" என்கிறார் ஒரு அண்ணன். அண்ணே, 7ஆம் நூற்றாண்டில் அசாம் பக்கம் காமரூபத்தை ஆண்டவர் பெயர் பாஸ்கரவர்மன். அவருக்கும் காஞ்சிபுரத்தில் ரேஷன் கார்டு எடுத்துவிடலாமா?

"ராஜேந்திர சோழன் பிடித்த நாடு" என்கிறார் இன்னொருவர். 1025இல் கப்பற்படை போனது சுமத்ரா பக்கம் ஸ்ரீவிஜயத்துக்கு, மலேசியா பக்கம் கடாரத்துக்கு. காம்போஜ மன்னன், அதாவது கம்போடிய மன்னன், நட்பு வேண்டி ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பியதாகச் சோழர்களின் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. தேர் அனுப்பி நட்புக் கேட்டவன் தனி அரசன். இதைச் சொல்வது நம்முடைய செப்பேடுதான், என்னுடைய கற்பனை இல்லை.

எழுத்தைப் பற்றிக் கேட்டவர் மட்டும் மரியாதையாகக் கேட்டிருந்தார். ஆமாம், கெமர் எழுத்தின் வேர் பல்லவர் கால எழுத்தில் இருக்கிறது. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்த எழுத்தை வாங்கி அவர்கள் எழுதியது சமஸ்கிருதமும், தங்கள் தாய்மொழியான கெமரும். கடன் வாங்கிய பேனாவில் எழுதினால் கவிதை பேனாக்காரனுடையதாகிவிடுமா?

நான் அங்கே போயிருக்கிறேன், குடும்பத்தோடு. தெற்குச் சுற்று மண்டபத்துச் சுவரில் ஒரு படை அணிவகுப்பு செதுக்கியிருக்கிறார்கள். யானைமேல் சூரியவர்மன், முன்னும் பின்னும் தளபதிகள், பக்கத்திலேயே சின்ன எழுத்தில் யார் யார் என்ற குறிப்பு. பழைய கெமர் மொழியில். எங்கள் வழிகாட்டி அதன்மேல் கை படாமல் விரலை ஓட்டி ஒரு பெயரைப் படித்துக் காட்டினார். கொஞ்சம் தள்ளி 32 நரகங்கள், அதற்கப்புறம் கிழக்குப் பக்கம் திரும்பினால் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. அசுரர்களும் தேவர்களும் வாசுகியை இழுக்க, கடலுக்குள் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. என் மகள் அந்த மீன்களை விட்டு நகரவே இல்லை. அப்போது நம் குழுவில் வந்த ஒருவர் வழிகாட்டியிடம், "இதைக் கட்டியது எங்கள் தமிழ் ராஜா, தெரியுமா?" என்றார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள் சார். எந்த ஊர் ராஜா என்பதில் மட்டும் உங்களுக்குள் ஒத்துப்போவதில்லை." எனக்குத் தலை குனிந்தது. கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்.

"இதில் யாருக்கு என்ன நஷ்டம், சும்மா ஒரு பெருமைதானே?" என்று உருகுபவர்களுக்கு ஒன்று. 1860இல் ஹென்றி மூஓ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே வந்தார். கோயிலைப் பார்த்து வாய் பிளந்தார், சுற்றியிருந்த மக்களைப் பார்த்துக் காட்டுமிராண்டி நிலை என்று எழுதினார். இவ்வளவு பெரிய கட்டடமா, இவர்களா என்கிற அதே பார்வை. வெள்ளைக்காரன் அப்படிப் பார்த்தால் காலனியத் திமிர், நாம் பார்த்தால் இனப்பெருமையா? அந்த மக்கள் தங்கள் தேசியக் கொடியிலேயே இந்தக் கோயிலை வைத்திருக்கிறார்கள். 2003இல் ஒரு தாய்லாந்து நடிகை "அங்கோர் வாட் எங்களுடையது" என்று சொன்னதாக வெறும் வதந்தி கிளம்பி, புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே கொளுத்திவிட்டார்கள். கொளுத்தியது சரி என்று சொல்லவில்லை. (இதையும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவீர்கள் என்று தெரியும், போடுங்கள்.) 1970களில் போல் பாட் என்ற சர்வாதிகாரியின் காலத்தில் அவ்வளவு பேரைப் பறிகொடுத்த ஒரு நாட்டிடம் மிச்சமிருப்பதில் அது ஒன்று. அதையும் கேட்கிறோம் நாம். ஒரு ரீலுக்காக.

"நீ என்ன வரலாற்றுப் பேராசிரியரா?" இல்லை ஐயா. வங்கியில் வேலை. உறுமி மேளம் போட்டவர் மட்டும் தொல்லியல் துறையிலா இருக்கிறார்?

தமிழ்த் துரோகி, கைக்கூலி, இதெல்லாம் பழகிவிட்டது. "இவன் அப்பன் பெயரையே விசாரிக்கணும்" என்று ஒருவர் எழுதியதற்கு என் சித்தப்பா மகன் சிரிப்பு ரியாக்ஷன் போட்டிருக்கிறான். தம்பி, அந்த அப்பா உனக்குப் பெரியப்பா. உன் காலேஜ் ஃபீஸுக்கு அலைந்தவர்.

இவ்வளவு இனப்பற்று பொங்குகிறதே, போன வருடம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டு மேலேயே எனாமல் பெயிண்ட் அடித்தார்களே, அப்போது இந்த உறுமி மேளம் எங்கே போயிருந்தது? அசல் சோழர் காலக் கல்வெட்டு. அசல் தமிழ். கோயிலுக்கு நிவந்தமாக, அதாவது கொடையாக, விட்ட நிலத்தின் எல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் வரிகள். இப்போது அதில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக. நான் போட்டோ எடுத்து, புலம்பி, நேற்று கத்திய அத்தனை பேரையும் டேக் செய்து போட்டேன். ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று விடிய விடிய என்னை வைத வாய்கள்தான்.

அந்தப் பதிவு இன்னும் இங்கேதான் இருக்கிறது. கீழே தள்ளிக்கொண்டே போங்கள், வரும். கமெண்ட் பகுதி காலியாகத்தான் கிடக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை.