கூன்வண்டுக்குப் பொறி வைக்கலாம், மனிதருக்கு?

அண்ணன் மகன் போன மாதம் ஆன்லைனில் ஒரு ஸ்பிரே வாங்கியிருக்கிறான். கட்டைவிரல் அளவுக் குப்பி, 1,300 ரூபாய். ‘பெரோமோன் கலந்தது, அடித்துக்கொண்டால் பெண்கள் தானாக வந்து பேசுவார்கள்’ என்று விளம்பரமாம். “சித்தப்பா, இது நிஜமா?” என்று கூச்சத்தோடு காட்டினான். அவன் மேல் கோபம் வரவில்லை. விற்றவன் மேல்தான் வந்தது.

பெரோமோன் பொய்யில்லை. ஓர் உயிர் தன் இனத்துக்குச் சேதி சொல்ல வெளியே விடுகிற வேதிப்பொருள் அது. எங்கள் கம்பம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இனக்கவர்ச்சிப் பொறி வாளி தொங்குமே, அதில் வைப்பது அதுதான். தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டில் ஆண் விடுகிற வாசனையைச் செயற்கையாகச் செய்து சின்னப் பாக்கெட்டில் அடைத்திருப்பார்கள். காலையில் எட்டிப் பார்த்தால் ஆணும் பெண்ணுமாக வண்டுகள் தண்ணீரில் கிடக்கும். 1959இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனான்ட்டின் குழு, ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளை வைத்து இப்படியொரு பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது. ‘பெரோமோன்’ என்ற பெயர் வந்ததும் அதே ஆண்டுதான்.

மனிதரிடம் அப்படி ஒன்றுகூட இதுவரை நிரூபணமாகவில்லை. பல விலங்குகளுக்கு இதை மோந்தறிய மூக்குக்குள் தனி உறுப்பே உண்டு. நமக்கு அதன் தடம் மட்டும்தான் மிச்சம். சரி, அறிவியலை விடுங்கள். ஒரு பெண் வண்டு மாதிரி வந்து விழுவாள் என்று ஒரு பையனை நம்பவைப்பது எவ்வளவு கேவலம்!

நம் மூக்கு ஒன்றும் மட்டமில்லை. வாசனை பிடிக்கும் ஏற்பிகள் நம்மிடம் சுமார் 400 வகை இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004இல் நோபல் பரிசு வாங்கினார்கள். என் அம்மா இருபது வருஷம் மலைக்கு மேலே வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், வேலை பார்த்தவர். காய் உலரும்போது வாசலில் நின்றே, “சூடு ஏறிப்போச்சு, தீயைக் குறைங்க” என்பார். சாயங்காலம் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வந்து இறங்கும்போது சேலையில் பச்சைக் காய் வாசமும் விறகுப் புகையும் கலந்து அடிக்கும். தூக்கக் கலக்கத்திலும் அம்மா வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு அது வெறும் ஏலக்காய்ப் புகை.

பெற்றவள் பச்சைக் குழந்தையின் சட்டையை மோந்தே தன் பிள்ளையுடையது என்று சொல்லிவிடுகிறாள், ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். கூட இருந்து, தூக்கி வளர்த்துப் பழகிய வாசம் அது. அதை எந்தக் கம்பெனி குப்பியில் அடைக்கும்?

குப்பியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்கமாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை அவனைத் தோப்புக்குக் கூட்டிப்போய் அந்த வாளியைக் காட்டப்போகிறேன்.