நான் டூரிஸ்ட் இல்லை

அந்த நீர்வீழ்ச்சி டிக்கெட் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாங்காக் தமிழ் குரூப்பில் போன வாரம் முழுக்க அதுதான் ஓடியது, பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. இருந்தால் அவர்களுக்கு ஒரு வரி: தாய்லாந்திலேயே குடியிருக்கும் நம் அண்ணன் ஒருவர், தன்னிடம் உள்ளூர் விலை வாங்காமல் வெளிநாட்டவர் விலை கேட்டார்கள் என்று டிக்கெட் கவுன்டரில் கத்துகிறார். வீடியோவைவிட அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகள்தான் என்னை இப்படி உட்கார்ந்து எழுத வைத்திருக்கின்றன. "நாலு காசு கொடுக்க வக்கில்லாதவனுக்கு எதுக்குப் பிக்னிக்?" "அவன் நாடு, அவன் ரேட்டு. பிடிக்கலேன்னா ஊருக்குப் போ." இப்படி எழுதியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சிலர் பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அண்ணன் கவுன்டரில் கத்தியது தப்பு. டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற பெண்ணா அந்த விலையைப் போட்டாள்? அதுவும் இந்த ஊரில் குரலை உயர்த்தியவன் அந்த நிமிடமே தோற்றுவிட்டான், நியாயம் முழுக்க அவன் பக்கம் இருந்தாலும். சரி. தப்பு. ஒத்துக்கொண்டாயிற்று. இனி விஷயத்துக்கு வரலாமா?

விஷயம் இதுதான்: அவர் டூரிஸ்ட் இல்லை. நானும் இல்லை.

வெளிநாட்டவரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அரண்மனைக்கு நமக்கு 500 பாட், தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம். வாட் போ கோயிலில் நமக்கு 300, அவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அதில் ஒரு புகாரும் கிடையாது. அவர்கள் கும்பிடுகிற இடம், அவர்கள் காசு கொடுத்து உள்ளே போக வேண்டுமா என்ன? ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கட்டியிருக்கிறேன்.

தேசியப் பூங்கா வேறு. காவோ யாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பெரியவர்களுக்கு 40 பாட், வெளிநாட்டவருக்கு 400. ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள், அந்த வரியில்தான் காட்டைப் பராமரிக்கிறார்கள், ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருகிறவர் டிக்கெட்டில் தன் பங்கைத் தரட்டும். அருமையான காரணம். நானும் கைதட்டுகிறேன். ஆனால் அதே காரணப்படி நான் எந்த வரிசையில் நிற்க வேண்டும்?

கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. பாங்காக்கில் சீலோம் பக்கம் ஒரு ரத்தினக் கல் வியாபார அலுவலகத்தில் பத்து வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறேன். மார்ச் 31க்குள் வருமான வரிப் படிவம் போக வேண்டும் என்று தாய்லாந்துச் சக ஊழியர்களுக்கே நான்தான் ஞாபகப்படுத்துவேன். மாதச் சம்பளத்தில் வரி பிடித்தம், சமூகக் காப்பீட்டுக்கு வருஷக்கணக்கில் மாதம் 750 பாட், கடையில் வாங்குகிற பெரும்பாலான பொருளுக்கு 7 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. வரி அலுவலகம் என்னிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்டு விகிதத்தை மாற்றுவதில்லை. வரி வாங்குகிற இடத்தில் நான் உள்ளூர். சலுகை கொடுக்க வேண்டிய இடத்தில் நான் டூரிஸ்ட். இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. இதைப் புரிந்துகொள்ள அப்படி என்ன கஷ்டம்?

"டிரைவிங் லைசன்ஸ் காட்டினா உள்ளூர் ரேட் தருவாங்களே, விவரம் தெரியாதவங்கதான் சண்டை போடறாங்க" என்று ஒரு விவரமானவர் எழுதியிருந்தார். தருவார்கள், ஐயா. சில இடங்களில். அன்றைக்குக் கவுன்டரில் இருப்பவருக்கு மனசு இருந்தால். ஓரிடத்தில் லைசன்ஸைப் பார்த்துச் சிரித்து 40 வாங்கினார்கள். இன்னோரிடத்தில் அதே லைசன்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒர்க் பெர்மிட்டைக் காட்டினேன், வரி கட்டிய ரசீது போனில் இருக்கிறது என்றேன், எல்லாம் தாய்லாந்து மொழியில்தான். அந்த அம்மா ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு 400 என்ற எண்ணை விரலால் காட்டினார். சலுகை என்பது ஒருவர் மனசைப் பொறுத்தது என்றால் அதற்குப் பெயர் விதி இல்லை, தயவு. நான் தயவு கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பலகைகளில் வெளிநாட்டவர் கட்டணம் நமக்குத் தெரிந்த எண்ணில் பெரிதாக இருக்கும். உள்ளூர்க் கட்டணம் தாய்லாந்து எண்ணில் இருக்கும், வெளியாட்களுக்குப் படிக்க வராது. என் மகளுக்குப் படிக்க வரும். தாய்லாந்துப் பள்ளியில்தான் படிக்கிறாள், தமிழைவிடத் தாய்லாந்து மொழிதான் அவளுக்குச் சரளம். முன்பு ஒருமுறை பலகையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டாள், "அம்மா, இருபதுன்னு போட்டிருக்கு, ஏன் இருநூறு கொடுக்கறே?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேலியாக ஒன்றுமில்லை, குழந்தை பேசினாள் என்று சிரித்தார்கள். எனக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

என்னோடு வேலை செய்யும் தாய்லாந்து அக்கா ஒருவர் இருக்கிறார், தங்கமான மனுஷி. அவரோடு வெளியூர் போனால் பூங்கா வாசலில் எப்போதும் ஒரே நாடகம். "நீ பின்சீட்டிலேயே இரு, தொப்பியை இறக்கிக்கோ, வாயைத் திறக்காதே, நான் வாங்கிட்டு வரேன்." அன்புதான். ஆனால் இந்த வயதில், வரி கட்டுகிற ஒருத்தி, காருக்குள் பதுங்கி 360 பாட் மிச்சம் பிடிப்பது எப்படி இருக்கும் என்று கமெண்ட் போட்ட யாராவது யோசித்தீர்களா? "360 பாட்தானே" என்று எழுதியவரே, உங்களைத்தான் கேட்கிறேன். காசு பெரிதில்லை என்றால் ஏன் வாங்குகிறார்கள்?

அடுத்தது எல்லாருக்கும் பிடித்த வாதம்: "இந்தியாவில் மட்டும் என்ன வாழுதாம்?" வாழவில்லைதான். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதுவும் பத்து மடங்குக்கு மேல். அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை. ஆனால் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அந்தப் பலகையின் அடுத்த வரியையும் படித்திருக்கலாம். தெற்காசிய நாடுகளின் சார்க், வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக், இந்த இரண்டு அமைப்புகளின் நாட்டவர்களுக்கும் அங்கே இந்தியர் கட்டணம்தான். பிம்ஸ்டெக்கில் தாய்லாந்தும் உண்டு. அந்த அமைப்பே 1997இல் இதே பாங்காக்கில்தான் ஆரம்பித்தது. மேலே சொன்ன அக்காவை ஊருக்குக் கூட்டிப்போனபோது கடற்கரைக் கோயிலில் அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து 40 ரூபாய்தான் வாங்கினார்கள். அவருக்கே நம்ப முடியவில்லை. "உனக்கும் எனக்கும் ஒரே விலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் அக்கா, எங்கள் ஊரில் நீங்கள் தொப்பியை இறக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் "பெருமை பேசறியா?" என்பார்கள். ஆமாம், கொஞ்சம் பேசுகிறேன். அந்த ஒரு விஷயத்தில் பேசலாம்.

எல்லா விதியையும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடையில் வாங்குவதற்கு அரசாங்கம் பாதிக் காசு போட்ட 'கோன் லா க்ருங்' திட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான் இருந்தது. சரிதானே, அவர்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம் அவர்களுக்குச் செய்தது. நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடியில் வெளிநாட்டவர் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் சரி, இல்லாவிட்டால் பாங்காக்கில் உள்ளூர்க்காரனுக்கு வீடு மிஞ்சாது. நான் வந்த காலத்தில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடையில் பீர் விற்க மாட்டார்கள். என் கணவர் புலம்புவார். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். அதில் தாய்லாந்துக்காரனும் வெளிநாட்டவனும் ஒன்றாகத் தாகத்தோடு நின்றார்கள்.

ஆனால் கட்டுப்பாடு என்று வரும்போது மட்டும் நான் இங்கே குடியிருப்பவள் என்பது எல்லாருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 90 நாளுக்கு ஒருமுறை நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று குடிவரவுத் துறைக்குச் சொல்ல வேண்டும், மறந்தால் 2,000 பாட் அபராதம். எந்த டூரிஸ்ட் இதைச் செய்கிறார்? 2019 ஞாபகமிருக்கிறதா? டிஎம் 30 என்ற தங்குமிடப் படிவத்தின் கெடுபிடி உச்சத்தில் இருந்த வருஷம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1979 சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் பெரிதாகக் கேட்காமல் கிடந்தது. திடீரென்று கேட்க ஆரம்பித்தார்கள். நாங்கள் ஒரு வாரக் கடைசியில் சியாங் மாய் போய்விட்டு வந்தோம். அங்கே ஹோட்டல்காரர் எங்களைப் பதிவு செய்துவிட்டார். அதனால் பாங்காக் திரும்பியதும் எங்கள் சொந்தப் படுக்கையில் படுப்பதற்கு மறுபடியும் ஒரு டிஎம் 30! அதை வீட்டுக்கார அம்மா போட வேண்டும். வாடகை வருவது ஆவணத்தில் ஏறிவிடும் என்று அவருக்குப் பயம், போடவே இல்லை. விசா நீட்டிக்கப் போனபோது அபராதம் யார் கட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2020இல் தளர்த்தினார்கள், அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபடி போட வேண்டாம் என்று. நன்றி. ஆனால் அந்த ஒரு வருஷம் ஊருக்கு வெளியே ஒரு ராத்திரி தங்கவே பயந்தோம்.

தடுப்பூசி சமயத்திலும் இதே கதை. 2021இல் பதிவு செய்யப் போனால் 13 இலக்க அடையாள எண்ணைக் கேட்டது செயலி. அது என்னிடம் இல்லை. கடைசியில் சமூகக் காப்பீட்டுப் பட்டியல் வழியாகத்தான் எனக்கு ஊசி கிடைத்தது. அதாவது மாதாமாதம் நான் கட்டிய அந்த 750 பாட் வழியாக. வரிசையில் என் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் என்னை டூரிஸ்ட் என்று சொல்லவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

சீலோம் மாரியம்மன் கோயிலைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. இன்று உள்ளே நிற்கிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் தாய்லாந்துக்காரர்கள்தான். நவராத்திரி ஊர்வலத்தன்று சாலை முழுக்க அவர்கள்தான், நமக்கு நிற்க இடம் கிடைக்காது. யாராவது வாசலில் நின்று முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுக்கிறார்களா? கோயிலும் பூங்காவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனாலும் சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

"அவ்வளவு ஆசைன்னா நிரந்தர வசிப்புரிமை வாங்கிக்கோ" என்று எழுதிய தம்பிக்கு: விண்ணப்பிக்கவே தொடர்ந்து மூன்று வருஷ விசா வேண்டும், ஒரு நாட்டவருக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று வரம்பு, கிடைத்தால் கட்டணம் 1,91,400 பாட். உனக்கு வழி தெரிந்தால் சொல், நானும் வரிசையில் நிற்கிறேன்.

அப்புறம் "ஊருக்குப் போ." இதற்குத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு ஊர் இருக்கிறது, மதுரை, போவேன். என் மகள் எந்த ஊருக்குப் போவாள்? பாங்காக்கில் பிறந்தவள். இங்கே பிறந்துவிட்டதால் மட்டும் அவள் தாய்லாந்துக்காரி ஆக மாட்டாள், நாங்கள் இருவரும் தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள். இருபது வயது வரை எங்கள் விசாவில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். அதற்கப்புறம் அவள் தனியாக ஒரு காரணம் காட்ட வேண்டும், தான் பிறந்த ஊரில் இருப்பதற்கு.

படித்து முடித்து இங்கேயே வேலை தேடினால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன், கணக்கு எழுதுகிறவள் அல்லவா. வேலை செய்கிற வெளிநாட்டவருக்கு விசா நீட்டிக்கக் குறைந்தபட்சச் சம்பளம் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. அமெரிக்கர், மேற்கு ஐரோப்பியர் என்றால் 50,000 பாட். இந்தியர் என்றால் 35,000. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற தோழிக்கு 18,000க்கு வேலை கொடுக்கலாம். இவளை வைத்துக்கொள்ள நினைக்கிற சாதாரணக் கம்பெனி அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும், இவள் ஒருத்திக்காக நாலு தாய்லாந்து ஊழியர்களையும் 20 லட்சம் பாட் முதலீட்டையும் காட்ட வேண்டும். எந்த முதலாளி இவளை எடுப்பான்? அவளுக்கு இப்போது இதெல்லாம் தெரியாது. வகுப்பில் தேசிய கீதம் பாடும்போது முதல் வரிசையில் நிற்கிறாள்.

இதற்குக் கீழேயும் யாராவது "360 பாட்தானே" என்று எழுதினால் நேராக பிளாக்தான். பொங்கலுக்கு வந்தவர்களாக இருந்தாலும்.